மழை நாளில் ஈ இல்லை

டிரைவருடைய கொய்யாத் தோட்டத்தில் பழ ஈ இருந்தது. அலுவலகக் கணக்கில் இல்லை. இரண்டில் எது நிஜம் என்று அவர் குழம்பியிருக்கவே கூடாது. ஆனால் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டிய மனிதர். எதிரே லாரி வருகிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்து பழகியவர். அந்தக் கெட்ட பழக்கம்தான் அவரை அவ்வளவு தூரம் அலைய வைத்தது.

ஓய்வு பெற்ற கையோடு ஊருக்கு வெளியே ஒரு துண்டு நிலம் வாங்கி அறுபது கொய்யாக் கன்று வைத்தார். அவர் மனைவிக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. அந்த அம்மாள் தபால் நிலையத்துப் பார்சல் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தவர். யார் எதை நீட்டினாலும் எடை போட்டுப் பார்த்து, மூலையை அழுத்திப் பார்த்து, பிறகுதான் கையில் வாங்குவார். கணவனின் கனவையும் அப்படித்தான் வாங்கினார்.

"மூணு வருஷம் டைம். மூணாவது வருஷம் ஒரு கூடை பழம், புழு இல்லாம, என் கையில கொடுங்க. இல்லைன்னா தோட்டத்தைக் கொடுத்துட்டு மக வீட்டுக்குப் போயிடலாம்."

மகள் வீடு நாலாவது மாடியில் இருந்தது. நல்ல மகள், தங்கமான மருமகன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் டிரைவர் ஒருமுறை நாலு நாள் அங்கே இருந்துவிட்டு வந்தார். முதல் நாள் பால்கனியில் நின்று கீழே போகும் பஸ்களைப் பார்த்தார். இரண்டாம் நாள் அவற்றை எண்ணினார். மூன்றாம் நாள் "கியரை மாத்துடா, கியரை மாத்து" என்று மேலிருந்து கத்த ஆரம்பித்தார். நாலாம் நாள் பக்கத்து வீட்டார் வந்து மருமகனிடம் மெதுவாகப் பேசிவிட்டுப் போனார்கள். மீதி ஆயுளையும் அந்தப் பால்கனியில் கழிப்பதை நினைத்தாலே அவர் எழுந்து தோட்டத்துக்கு நடையைக் கட்டிவிடுவார்.

இப்போது மூன்றாவது வருடம். மரங்களில் இலை தெரியாத அளவுக்குக் காய். பத்து நாளாக மழை விட்டு விட்டுப் பெய்தது. முந்திக்கொண்டு பழுத்த ஒன்றைப் பறித்து, ஆசையாக நறுக்கினார். உள்ளே புழுக்கள் குடும்பத்தோடு குடியிருந்தன. பக்கத்துக் காயின் மேல் பொன்னிறத்தில் ஒரு ஈ உட்கார்ந்து, வாலை ஊன்றி, அவரைச் சட்டை செய்யாமல் முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

பஸ் ஓட்டிய காலத்திலிருந்தே தினமும் லாக் புத்தகம் எழுதுவது அவர் வழக்கம். தோட்டத்துக்கும் ஒன்று வைத்திருந்தார். அதைப் புரட்டினால் விஷயம் வெட்ட வெளிச்சம். வெயில் கொளுத்தும்போது ஈ அத்தனை இல்லை. மழை பெய்து மண் ஈரமாகி, இடையில் புழுக்கமாக நாலு நாள் போனால், மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்ததெல்லாம் சிறகு முளைத்துக் கிளம்பி வருகிறது. இதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதுமாயிருந்தது. மறுநாளே நோட்டைத் தூக்கிக்கொண்டு ஈ ஆபீஸுக்குப் போனார்.

அதன் முழுப் பெயர் 'பழ ஈ மற்றும் வானிலைத் தொடர்பு ஆய்வு நிலையம்'. பெயர்ப் பலகை வாசலைவிட அகலம் என்பதால் அதைக் கொஞ்சம் சாய்த்து மாட்டியிருந்தார்கள். ஈயைப் பிடிக்கும் பொறிக்குள் வைக்க மருந்தில் ஊறிய மரக்கட்டை ஒன்று உண்டு. அந்த வாசனைக்கு ஆண் ஈக்கள் கிறங்கிப்போய் வந்து விழும். கட்டையைக் கடையில் விற்கத் தடை. இந்த நிலையம் மட்டும்தான் கொடுக்கலாம். நிலையமோ, ஈ இருக்கும் வாரத்தில் மட்டும்தான் கொடுக்கும்.

கண்காணிப்பாளர் அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"உங்க பக்கம் மழை பெய்யுதா?"

"பெய்யுதும்மா. பத்து நாளா."

"அப்போ ஈ இருக்காதே."

"இருக்கேம்மா. என் கண்ணு முன்னாடி முட்டை போடுது."

"இருக்காது சார். ஆராய்ச்சி முடிஞ்ச விஷயம்."

சுவரைக் காட்டினார். ஒரு சுவர் முழுக்க வரைபடம். இருபத்திரண்டு வருடத்துக் கணக்கு. மழை பெய்த வாரங்களுக்கு நீலக்கோடு, ஈ இருந்த வாரங்களுக்குச் சிவப்புக்கோடு.

"நீலம் இருக்கற இடத்துல எங்கயாவது சிவப்பு இருக்கா, பாருங்க."

டிரைவர் கிட்டே போய்ப் பார்த்தார். மூக்கு சுவரில் இடிக்கும்வரை போய்ப் பார்த்தார். ஒரு இடத்திலும் இல்லை. மழை வந்தால் ஈ சைபர். வெயில் அடித்தால் பத்து, பதினைந்து, அதிகபட்சம் முப்பத்தொன்று. பார்க்கப் பார்க்க அவருக்கே தன் தோட்டத்தின் மேல் ஒரு சந்தேகம் வந்தது.

"கோடையில வாங்க சார். கட்டை பெட்டி பெட்டியா இருக்கும். வாங்கிட்டுப் போக ஆளில்லை."

"கோடையில மரத்துல பழமே இருக்காதேம்மா."

"அது மரத்தோட பிரச்சனை. நாங்க ஈயை மட்டும்தான் பாக்கறோம்."

எழுந்தவரின் கையில் பத்துப் புத்தகங்களைத் திணித்தார்கள். நிலையத்தின் ஆய்வறிக்கை. அட்டையில் கொட்டை எழுத்தில் 'மழை நாளில் ஈ இல்லை' என்று போட்டிருந்தது. ஐயாயிரம் பிரதி அச்சடித்து, மாடிப்படிக்கு அடியில், கழிப்பறையில், ஜீப்பின் பின்சீட்டில் என்று எல்லா இடத்திலும் அடுக்கியிருந்தார்கள். யார் வந்தாலும் பத்துப் பிரதி எடுத்துப்போக வேண்டும் என்று உத்தரவு. தாள் வழவழவென்று, தண்ணீர் பட்டால் ஒட்டாமல் வழிந்து ஓடும் ரகம். மழையைப் பற்றிய அறிக்கை மழையில் நனையக் கூடாது என்று இயக்குநர் பிடிவாதமாகச் சொல்லி, எங்கிருந்தோ வரவழைத்த தாள்.

அடுத்த முறை டிரைவர் கையோடு சாட்சியைக் கொண்டு போனார். கண்ணாடிக் குப்பியில் ஒரு ஈ. கண்காணிப்பாளர் அம்மா குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எப்போ பொறந்த ஈ?"

"அது எப்படிம்மா எனக்குத் தெரியும்?"

"போன வெயில் வாரத்துல பொறந்து, மிச்சமிருக்கற ஈயா இருக்கலாம்ல? அதை மழை வாரத்துக் கணக்குல சேர்த்தா தப்பாயிடும். பரிசோதனைக்கு அனுப்பறேன்."

பரிசோதனைக்கு எட்டு நாள் ஆனது. அதற்குள் ஈ செத்துப்போனது. இறந்த ஈயால் பயிருக்குச் சேதம் ஏற்பட வாய்ப்பில்லை என்று முடிவு எழுதி, குப்பியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார்கள். கூடவே பத்துப் பிரதி. டிரைவர் விடவில்லை. நறுக்கிய பழத்தை எடுத்துப் போனார், லாக் புத்தகத்தைப் படியெடுத்துக் கொடுத்தார், மனு எழுதிப் போட்டார். ஆறு தடவை போய் வந்ததில் அறுபது பிரதி சேர்ந்தது. வீட்டுக் கூடத்தில் நடக்க இடமில்லை. மனைவி ஒரு பிரதியைப் பிரித்தார். ஒரு தாளை எடுத்துக் குழாயடியில் காட்டினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. மடித்துப் பார்த்தார். பிறகு பார்சல் பிரிவின் முகத்தோடு உள்ளே போனார்.

மனுவுக்குப் பலன் இல்லாமல் போகவில்லை. அதை நிலையம் மிகவும் ஆழமாகப் படித்தது. ஒரு தோட்டத்தில் ஈ இருப்பதாக உரிமையாளர் சொல்கிறார். மழை நாளில் ஈ இல்லை என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. ஆகவே அந்தத் தோட்டத்தில் போதுமான மழை பெய்யவில்லை. இதைப் படித்துவிட்டு இயக்குநர் 'செயற்கை மழை முகாம்' ஒன்றுக்கு உடனே உத்தரவு போட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை தீயணைப்பு வண்டி வந்து நின்றது. பின்னால் ஜீப், அதன் பின்னால் நாற்காலி ஏற்றிய வேன். இரண்டு மரத்துக்கு நடுவே மேடை போட்டார்கள். எண்ணிக்கைக்காக நிலையம் மாட்டியிருந்த பொறிகளில் ஒன்று தொங்கிய கிளை மேடைக்கு மறைப்பாக இருந்ததால் அதை வெட்டினார்கள். அதில் இருந்த பதினெட்டுக் காயும் போனது. டிரைவர் பெற்ற பிள்ளையை அடித்ததுபோல் துடித்துப்போனார். ஆனால் அவரை முன்வரிசையில் உட்கார வைத்து, சட்டையில் ஒரு அட்டையும் குத்திவிட்டார்கள். 'பயனாளி' என்று அதில் எழுதியிருந்தது.

இயக்குநர் ஜீப்பிலிருந்து இறங்கினார். தீயணைப்புக் குழாய் மரங்களின் மேல் பீய்ச்சிய தண்ணீர் தெறிக்கும் என்பதால் ஒருவர் அவர் தலைக்கு மேல் குடை பிடித்தார். இயக்குநர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

"அன்பான விவசாயப் பெருமக்களே! இந்த நிலையத்தில் நான் பதினாறு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். இந்தப் பதினாறு ஆண்டில் ஒரு ஈயைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. இதைவிட எங்கள் வெற்றிக்கு வேறு சான்று வேண்டுமா?"

அலுவலர்கள் கை தட்டினார்கள்.

"சிலர் கேட்கிறார்கள், தோட்டத்துக்கு வந்து பார்க்கக் கூடாதா என்று. வரலாம். ஆனால் தோட்டத்துக்கு வந்தால் கண்ணில் படுவதெல்லாம் உண்மை என்று தோன்ற ஆரம்பித்துவிடும். அது ஆராய்ச்சிக்கு ஆபத்து. நான் என் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சுவர் இதுவரை என்னை ஏமாற்றியதில்லை."

இந்த இடத்தில் நிஜ மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, சடசடவென்று அடித்தது. தீயணைப்பு வண்டிக்காரர் குழாயை நிறுத்தட்டுமா என்று சைகையில் கேட்டார். நிகழ்ச்சி நிரலில் பன்னிரண்டு மணிவரை என்று அச்சடித்திருந்ததால் நிறுத்தக் கூடாது என்றார்கள். மேலேயிருந்து ஒரு மழையும் பக்கவாட்டிலிருந்து இன்னொரு மழையும் சேர்ந்து பெய்ததில் தோட்டம் சேறாகிவிட்டது. நாற்காலிகள் கணுக்கால் வரை இறங்கின. இயக்குநர் உரையை முழுவதும் வாசித்து முடித்துவிட்டுத்தான் போனார்.

மறுநாளிலிருந்து புழுக்கம். ஈர மண்ணில் இளவெயில் பட்டு ஆவி பறந்தது. நாலாம் நாள் காலை டிரைவர் தோட்டத்துக்குப் போனபோது மண்ணிலிருந்து ஈக்கள் கூட்டம் கூட்டமாக எழும்பி வந்துகொண்டிருந்தன. லாக் புத்தகத்தில் எழுதக் குனிந்தார். நோட்டின் மேலேயே மூன்று உட்கார்ந்தன. அவருக்கு அழுகை வந்துவிட்டது. காய்கள் அப்போது எலுமிச்சை அளவில் பச்சையாக நின்றன. பழுக்கத் தொடங்கினால் ஒன்றுகூடத் தேறாது. வரப்பில் உட்கார்ந்து நாலாவது மாடிப் பால்கனியை நினைத்துக்கொண்டார்.

அதற்கு மறுநாள் புதன்கிழமை, மறுபடியும் மழை. எதிர்ப் பக்கத்து டீக்கடையில் ஒதுங்கியபோது பெஞ்சில் ஈயெண்ணி உட்கார்ந்திருந்தார். நிலையத்தின் கணக்கெடுப்பு எழுத்தர் அவர். புதன்கிழமைதோறும் தோட்டம் தோட்டமாகப் போய் ஆபீஸ் பொறிகளைத் திறந்து ஈயை எண்ணுவதுதான் வேலை. அதனால் அந்தப் பெயர். ஒல்லியான, சாது மனிதர். மடியில் பதிவேட்டை விரித்து, டிரைவர் தோட்டத்துக்கு நேரே அழகாக ஒரு சைபர் போட்டுக்கொண்டிருந்தார்.

டிரைவருக்குச் சுரீர் என்றது.

"என்ன சார் இது? தோட்டத்துக்குள்ள காலே வைக்காம சைபர் போடறீங்க?"

ஈயெண்ணி கோபித்துக்கொள்ளவில்லை. பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "தலைப்பைப் படிங்க டிரைவர் சார். 'எண்ணிய ஈக்கள்'னு இருக்கா? மழையில நான் போகலை. எண்ணலை. எண்ணினது சைபர். நான் பொய் எழுதலையே."

"ஆபீஸ்ல அதை ஈயே இல்லைன்னு படிக்கறாங்களே!"

"அது அவங்க படிக்கற விதம்."

"சரி, மழையில ஏன் போகலை?"

ஈயெண்ணி டீயை ஒரு மடக்குக் குடித்தார். "பதிவேடு நனைஞ்சா ஒரு வருஷச் சம்பள உயர்வு போயிடும் சார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு குடை கேட்டு மனு போட்டேன். வருஷத்துக்கு ரெண்டுன்னு இதுவரைக்கும் நாற்பத்துநாலு மனு. நாற்பத்துநாலுக்கும் ஒரே பதில்தான். பாடமாவே சொல்லுவேன். 'மழை நாளில் ஈ இல்லாத காரணத்தால் எண்ணும் பணி இல்லை. எண்ணும் பணி இல்லாத காரணத்தால் குடை தேவையில்லை.'"

"ஈ இல்லைன்னு அவங்களுக்கு யாரு சொன்னது?"

"நான்தான்" என்றார் ஈயெண்ணி. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

டிரைவருக்கு இதை ஜீரணிக்க இரண்டு டீ தேவைப்பட்டது. சுவர் முழுக்க வரைந்திருந்த இருபத்திரண்டு வருடத்து நீலமும் சிவப்பும், ஐயாயிரம் புத்தகமும், தீயணைப்பு வண்டியும் ஒரு குடை இல்லாததிலிருந்து முளைத்தவை. அவருக்குச் சிரிப்பு வந்தது. காயை நினைத்ததும் சிரிப்பு போய்விட்டது.

"அப்போ வெயில் வந்ததும் பொறியில நிறைஞ்சு கிடக்குமே, அது?"

"கொட்டிடுவேன். அது போன வாரத்து ஈ. போன வாரம்தான் சைபர்னு மூடியாச்சே, திரும்ப எப்படித் திறக்கறது? அன்னிக்கு உயிரோட இருக்கறதை மட்டும் எண்ணுவேன்."

"சொந்தமா ஒரு குடை வாங்கிக்கலாம்ல சார்?"

"சொந்தப் பொருளை ஆபீஸ் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒருதடவை என் பேனாவுல எழுதினதுக்கு விளக்கம் கேட்டாங்க."

டிரைவர் டீக்காசைக் கொடுத்தார். பிறகு எழுந்து வீட்டுக்குப் போய்ப் பெரிய கறுப்புக் குடையோடு திரும்பி வந்தார். அவர் ஓட்டிய பஸ்ஸில் ஓட்டுநர் இருக்கைக்கு மேலே மட்டும் கூரை ஒழுகும். முப்பத்தொரு வருடம் ஒரு கையில் ஸ்டீயரிங்கும் ஒரு கையில் குடையுமாக ஓட்டியவர் அவர்.

"என் தோட்டம், என் குடை, என் கை. நான் பிடிக்கறேன். நீங்க சும்மா என் பக்கத்துல நடந்து வாங்க. இதுக்கு என்ன விளக்கம் கேட்பாங்க?"

ஈயெண்ணி யோசித்தார். விதி எதுவும் நினைவுக்கு வரவில்லை. எழுந்து நடந்தார். பொறியைத் திறந்ததும் இருவரும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள். அடைத்துக்கொண்டு கிடந்தன. தாளில் கொட்டி, பத்துப் பத்தாகப் பிரித்து, குடைக்கடியில் குந்தி உட்கார்ந்து எண்ணினார்கள். நாலு பொறியிலும் சேர்த்து ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று. ஈயெண்ணி இரண்டாம் முறையும் எண்ணினார். சைபரை அடித்துவிட்டு அந்த எண்ணை எழுதப் போனார். மூன்று இலக்கத்துக்கு மேல் எழுத அந்தக் கட்டத்தில் இடமே இல்லை. ஓரத்தில் எழுதினார்.

டிரைவர் வீட்டுக்கு ஓடிவந்து விஷயத்தைச் சொன்னார். "இனிமே கட்டை கொடுத்துத்தான் ஆகணும். கணக்குலயே ஏறியாச்சு!"

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தார். கூடம் முழுக்க அறிக்கைத் தாள்கள் பிரித்துக் கிடந்தன. அவர் மடியில் ஸ்டேப்ளர்.

"அவங்க கொடுக்கும்போது கொடுக்கட்டும். அதுவரைக்கும் காய் காத்திருக்குமா? இந்த ஓரத்தைப் பிடிங்க."

தாளை இரண்டாக மடித்தார். பக்கவாட்டில் ஸ்டேப்ளர் அடித்தார். அடியில் தண்ணீர் வடிய ஊசியால் ஒரு துளை. வாயைக் காம்போடு சேர்த்துச் சுருட்டி ஒரு ஸ்டேப்ளர். ஒரு காய் ஈ நுழைய முடியாத பார்சலாகிவிட்டது. அறுபது பிரதியையும் பிரித்தால் இரண்டாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் தாள். மரத்தில் இருந்த காயும் ஏறக்குறைய அவ்வளவுதான். அஞ்சு நாள் இருவரும் ஏணியும் கையுமாக நின்றார்கள். ஆறாம் நாள் பார்த்தால் மரம் முழுக்க முன்னுரையும் முடிவுரையும் அட்டவணையும் தொங்கின. இயக்குநரின் புகைப்படம் போட்ட பக்கம் மட்டும் அறுபது மரத்துக்கும் ஆளுக்கொன்றாக வந்தது.

"நீ எப்போலேர்ந்து என் கட்சி?" என்று கேட்டார் டிரைவர்.

"நான் யாரு கட்சியும் இல்லை. நல்ல தாள் வீணாப் போறதைப் பாத்துட்டு இருக்க முடியாது, அவ்வளவுதான்" என்றார் மனைவி. ஆனால் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு தெரிந்தது.

இதற்கிடையில் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கண்காணிப்பாளர் அம்மா முதலில் அதைத் தொலைபேசி எண் என்று நினைத்தார். விஷயம் தெரிந்ததும் இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. உடனே மூன்று பேர் கொண்ட குழு அமைத்தார்கள். குழு நாலு நாள் கூடிப் பேசியது.

"இருபத்திரண்டு ஆண்டுகளாக மழை நாளில் ஈ இல்லை. ஒரே ஒரு மழை நாளில் ஆயிரத்துச் சொச்சம். அப்படியென்றால் அன்று ஏதோ ஒன்று புதிதாக நடந்திருக்க வேண்டும். என்ன அது?" என்று கேட்டார் இயக்குநர்.

ஈயெண்ணியை வரவழைத்து விசாரித்தார்கள். அவர் உள்ளது உள்ளபடி எல்லாவற்றையும் சொன்னார். மழையைச் சொன்னார், ஈர மண்ணைச் சொன்னார், பொறியைச் சொன்னார். கடைசியாகக் குடையைச் சொன்னார். குழு சட்டென்று நிமிர்ந்தது.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் சோதித்துப் பார்த்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஒரு மழைப் புதன்கிழமை டிரைவர் குடையோடு ஈயெண்ணி போனார். தொள்ளாயிரத்து எண்பத்தேழு. அடுத்த மழைப் புதன்கிழமை குடை வேண்டாம் என்றார்கள். குடை இல்லாததால் அவர் டீக்கடையில் உட்கார்ந்தார். சைபர். மூன்றாவது முறை மறுபடியும் குடை. ஆயிரத்து இருபது. இவ்வளவு சுத்தமான முடிவு நிலையத்தின் வரலாற்றிலேயே வந்ததில்லை. இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே எல்லாத் தோட்டங்களுக்கும் சுற்றறிக்கை வந்தது.

'குடையால் பழ ஈ பெருகுவது ஆய்வில் உறுதியாகியுள்ளது. எனவே தோட்டங்களுக்குள் எவரும் குடை விரிக்கக் கூடாது. மழை வாரங்களில் மருந்துக் கட்டை வழங்குவது வழக்கம்போல் இல்லை. பி.கு: செயற்கை மழை முகாமில் இயக்குநருக்குப் பிடிக்கப்பட்ட குடை அலுவலகக் குடை என்பதால் இதில் அடங்காது.'

டிரைவர் அதை வாசித்துவிட்டு நீட்டினார். மனைவி வாங்கிப் பார்த்தார். எழுத்தைப் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்தார்.

"இது சாதாத் தாள். ஒண்ணுக்கும் ஆகாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பறிப்பு நாள் வந்தது. அதுவும் புதன்கிழமை, அதுவும் மழை. மகளும் வந்திருந்தாள். பெற்றோரின் சாமான்களுக்கு நாலாவது மாடியில் ஒரு அலமாரியைக் காலி செய்து வைத்திருப்பதாகச் சொன்னாள். டிரைவர் ஒரு மரத்தடியில் நின்று உறைகளைக் கிழித்துப் பழங்களைக் கூடையில் போட்டார். இளமஞ்சளாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. ஆனால் வெளியே பார்த்து என்ன? கூடை நிறைந்ததும் தூக்கிக்கொண்டு வந்து மனைவி முன்னால் வைத்தார். பரீட்சை எழுதியவர்போல் கை கட்டி நின்றார்.

அந்த அம்மாள் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை. மேலேயிருந்து நாலு, நடுவிலிருந்து நாலு, அடியில் கைவிட்டு நாலு எடுத்தார். ஒவ்வொன்றாக நறுக்கினார். வெள்ளைச் சதை. விதை. புழு இல்லை. பன்னிரண்டாவதையும் நறுக்கி, ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார்.

"அம்மா, அப்போ அலமாரி?" என்றாள் மகள்.

"அதுல உன் புடவையை வெச்சுக்கோம்மா. உங்க லிஃப்ட் வாரத்துக்கு ரெண்டு நாள் நின்னுபோகுது. இவரு முட்டி தாங்காது."

டிரைவர் வாய்விட்டு அழுதுவிட்டார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், வேலிக்கு வெளியே ஈயெண்ணி நின்றார். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. பதிவேட்டை மட்டும் அறிக்கையின் அட்டை ஒன்றில் பார்சல்போல் சுற்றி அக்குளில் இடுக்கியிருந்தார்.

"என்ன சார் இது, இப்படி நனைஞ்சுட்டு? டீக்கடையில உட்கார வேண்டியதுதானே?"

"உட்கார்ந்தேன் டிரைவர் சார். முடியலை." அவர் பல் கிடுகிடுத்தது. "ஒருதடவை எண்ணிப் பார்த்துட்டேன் பாருங்க. இருக்குன்னு தெரிஞ்ச அப்புறம் சைபர் போடக் கை வரமாட்டேங்குது. குடை விரிக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்காங்க. எண்ணக் கூடாதுன்னு போடலை."

நாலு பொறியையும் நனைந்துகொண்டே திறந்தார். டிரைவரும் நனைந்துகொண்டே கூட நின்றார். ஆயிரத்து முந்நூற்று ஆறு. மனைவி ஈரத்தைத் துவட்டத் துண்டு கொடுத்து, கூடையிலிருந்து ஒரு பழமும் கொடுத்தார். இருபத்திரண்டு வருடமாகக் கொய்யாத் தோட்டங்களில் சுற்றியும் அந்த மனிதர் ஒரு பழத்தைத் தைரியமாகக் கடித்ததில்லை. உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்குத்தானே தெரியும். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

குடை இல்லாமலே ஆயிரத்து முந்நூற்று ஆறு என்றதும் நிலையத்தில் மறுபடியும் குழு கூடியது. என்ன மாறியது என்று தேடினார்கள். எழுத்தர் நனைந்திருந்தார் என்பதைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. ஆகவே நனைந்த எழுத்தரை நாடி ஈ வருகிறது என்று முடிவானது. அவர் நனையாமல் இருக்க நிலையத்தின் செலவில் ஒரு குடை வழங்க இயக்குநர் கையெழுத்திட்டார். நாற்பத்துநாலு மனுவுக்குக் கிடைக்காதது ஒரே நாளில் கிடைத்தது. முந்தைய சுற்றறிக்கை அமலில் இருப்பதால், அதை விரிக்கக் கூடாது என்று மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்கள்.

ஈயெண்ணிக்கு அதில் வருத்தமில்லை. வளைந்த கைப்பிடி இருப்பதால் உயரக் கிளையை இழுத்துப் பொறியை எடுக்கக் குடை ரொம்ப வசதியாக இருக்கிறது என்கிறார். நனையாமல் இருக்க டிரைவரின் மனைவி மிச்சமிருந்த அட்டைகளைச் சேர்த்துத் தைத்து ஒரு மழைக்கோட்டு கொடுத்திருக்கிறார். அட்டை எல்லாம் ஒரே அளவு என்பதால் தையல் அழகாக வந்துவிட்டது. இப்போதும் மழைப் புதன்கிழமைகளில் அந்தப் பக்கம் போனால் அவரைப் பார்க்கலாம். மடக்கிய குடையைக் கையில் ஊன்றிக்கொண்டு, பொறியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, எழுநூற்று ஒன்று, எழுநூற்று இரண்டு என்று சத்தமாக எண்ணிக்கொண்டிருப்பார். முதுகில், தூரத்திலிருந்தே படிக்கும்படி கொட்டை எழுத்தில், மழை நாளில் ஈ இல்லை என்று இருக்கும்.